கடலூர்ல மாசம் 40,000 இருந்தா வசதியா வாழ முடியுமா?

கேள்வி, 11-05-2025
வணக்கம். சென்னையில சப்போர்ட் வேலை, கைக்கு 62,000 வருது. வாடகை, ஸ்கூல், வண்டி டியூ எல்லாம் போக மாசக் கடைசில ஒண்ணும் நிக்க மாட்டேங்குது. சொந்த ஊர் கடலூர். அங்க ஒரு கம்பெனியில 40,000 தர்றோம்னு சொல்றாங்க. நான், மனைவி, ரெண்டு பிள்ளைங்க. பெரியவ அஞ்சாவது முடிச்சிருக்கா, சின்னவன் ரெண்டாவது. 40,000-ல அங்க வசதியா இருக்கலாமா? இல்ல பாண்டியில வீடு எடுத்து தினம் போய்ட்டு வரலாமா? ஊர்ல இருக்கறவங்க நேர்மையா சொல்லுங்க.

11-05-2025, இரவு 9.50
தம்பி, தொகையை சொன்னீங்க. அது எந்த தேதியில வரும், விடாம வருமா, அதை சொல்லல. எனக்கு அதுதான் முதல் கேள்வி.

நான் திருப்பாதிரிப்புலியூர். பேங்க்ல நகை மதிப்பீட்டாளர், உரைகல்லும் தராசும்தான் பொழப்பு. கவுண்டருக்கு இந்தப் பக்கம் உக்காந்திருக்கறவனுக்கு ஊர்ல யார் எவ்ளோ சம்பாதிக்கிறாங்கன்னு தெரியாது, ஆனா யாருக்கு எந்த மாசம் காசு வருது எந்த மாசம் வரலைங்கறது நல்லா தெரியும். அதை வச்சு சொல்றேன், 1-ஆம் தேதி தவறாம வர்ற 25,000-க்காரர் நிம்மதியா இருக்கார், சீசன்ல லட்சம் பாக்கறவர் ராத்திரி தூங்காம இருக்கார், ரெண்டு பேரையும் ஒரே வாரத்துல என் கவுண்டர்லயே பாத்திருக்கேன்.

வீடு சொந்தமா வாடகையா, அதையும் சொல்லுங்க.

12-05-2025, காலை
கீழ ஒருத்தர் "40,000 எல்லாம் இந்தக் காலத்துல பிச்சைக்காசு"ன்னு போட்டிருக்கார். அப்படி சொல்லாதீங்க சார். 2022-23 குடும்பச் செலவு சர்வேயில தமிழ்நாட்டு நகரங்கள்ல ஒரு ஆளோட மாசச் செலவு சராசரி 7,630 ரூபா. நாலு பேருக்கு 30,520. கிராமத்துல ஆளுக்கு 5,310. அதுக்கப்புறம் விலைவாசி ஏறியிருக்கு, சரி, ஆனாலும் நாலு பேர் வீட்டுக்கு 40,000-ங்கறது சராசரியை ஒட்டியோ கொஞ்சம் மேலயோதான். இங்க எழுதற நம்ம எல்லாரும் நம்மளவிட கொஞ்சம் மேல இருக்கறவங்களத்தான் பாத்துக்கிட்டு இருக்கோம், அதனால சராசரியே நமக்கு ஏழ்மையா தெரியுது. நெல்லிக்குப்பம் ரோட்டுல சித்தாள் வேலைக்கு காலையில நிக்கறவங்ககிட்ட 40,000 மாசச் சம்பளம்னு சொல்லிப் பாருங்க, பெரிய ஆபீசர்னு நினைப்பாங்க.

12-05-2025, இரவு
பாண்டியில பெட்ரோல் கம்மின்னு சொன்னவருக்கு: கம்மிதான். ஆனா ஒரு நாளைக்கு போக வர அம்பது கிலோமீட்டர் வண்டி ஓட்டி மிச்சம் பிடிக்கிற அளவுக்கு கம்மி இல்ல.

15-05-2025
"மீனவங்க நல்லா சம்பாதிக்கிறாங்க, அவங்களுக்கு சேமிக்கத்தான் தெரியல"ன்னு எழுதினவருக்கு பதில். இதை நான் ரொம்ப வருஷமா கேட்டுக்கிட்டு இருக்கேன், கேக்கும்போதெல்லாம் மனசு பொறுக்கல.

ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகக்கூடாது. மீன் குஞ்சு பொரிக்கிற காலம்னு வச்ச சட்டம், தேவையான சட்டம், அதுல தப்பு சொல்லல. அரசாங்கம் நிவாரணமும் குடுக்குது, ஆனா அது ரெண்டு மாசக் குடும்பச் செலவுக்கு காணாது. மத்த நாள்லயும் படகு கிளம்பினா முதல்ல டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு கழியணும், அப்புறம் ஓனர் பங்கு, மிச்சத்தைத்தான் ஆளுங்க பிரிச்சுக்குவாங்க. ஒரு நடைக்கு கை நிறைய வரும், அடுத்த நடை டீசலுக்கே பத்தாது. புயல் எச்சரிக்கைன்னு துறைமுகத்துல கூண்டு ஏத்திட்டா அந்த வாரம் முழுக்க சைபர். இப்படி வர்ற காசை எந்த கணக்குல மாசாமாசம் ஆர்.டி. போடறது? அவங்க சேமிக்காம இல்ல. நகையா சேமிக்கிறாங்க. நல்ல நடை அமைஞ்சா அரைப் பவுன் மோதிரம், தடைக்காலத்துல அது என் தராசுக்கு வரும், ஆடி ஆவணியில திரும்பிப் போகும். சிங்காரத்தோப்பு, தேவனாம்பட்டினத்துலேர்ந்து வர்ற சில மோதிரங்களை கையில வாங்கினதுமே எனக்கு அடையாளம் தெரியும். அதுதான் அவங்க பேங்க் பாஸ்புக்.

2004 டிசம்பர் 26 சுனாமியில வீட்டு பீரோவோட நகை போனவங்க இருக்காங்க. அதுக்கப்புறம் "வீட்ல வச்சுக்கிட்டு பயப்படறதுக்கு பேங்க்லயே அடகுல கிடக்கட்டும் சார்"னு வட்டி கட்டி வச்சிருக்கறவங்களையும் பாத்தேன். பாதுகாப்புன்னு அவங்க நினைக்கிறது வேற, நம்ம நினைக்கிறது வேற.

15-05-2025, கொஞ்ச நேரம் கழிச்சு
சேர்த்துக்கோங்க: தடை விசைப்படகுக்கும் இழுவைப்படகுக்கும்தான். கட்டுமரம், சின்ன ஃபைபர் படகு கரையோரம் போகும். மே மாசம் மீன் கிடைக்குது, விலை மட்டும் கிட்ட போக முடியல. சங்கரா என்ன விலை சொல்றாங்க தெரியுமா!

23-05-2025
பண்ருட்டி நண்பர் ஒருத்தர் பலாவைப் பத்தி கேட்டார். அங்க காசு வர்ற கணக்கே வேற, மரம் வச்சிருக்கறவங்களுக்கு வருஷத்துக்கு ஒரு தரம்தான். முந்திரி பங்குனி சித்திரையில, பலா அதை ஒட்டி ஆனி வரைக்கும். அந்த மூணு நாலு மாசத்துல வர்றதுதான் அடுத்த பங்குனி வரைக்கும். அவங்க வீட்டுக்குப் போனீங்கன்னா சீசன்ல புது பைக் நிக்கும், மார்கழியில அதே வீட்ல பொம்பளைங்க கழுத்துல மஞ்சக்கயிறு மட்டும் இருக்கும். வெளியூர்க்காரன் பாத்தா இது வசதியான வீடா கஷ்டப்படற வீடான்னு சொல்ல முடியாது, எந்த மாசம் பாக்கறான்ங்கறதைப் பொறுத்துதான்.

2011 டிசம்பர் 30 தானே புயல். ஒரே காலையில மரம் எல்லாம் வேரோட சாஞ்சுது. வாழை போனா அடுத்த வருஷம் வச்சுக்கலாம், பலாவும் முந்திரியும் காய்ப்புக்கு வர எத்தனை வருஷம் காத்திருக்கணும்! அன்னிக்கு அவங்களுக்கு போனது அந்த வருஷ வருமானம் மட்டும் இல்ல. தானேக்கு முன்னாடி "எங்களுக்கு என்ன சார் குறை, மரம் இருக்கு"ன்னு சொன்ன அதே வீட்டுப் பசங்க இன்னிக்கு பதினஞ்சாயிரமோ பதினெட்டாயிரமோ, மாசச் சம்பளம் வந்தா போதும்னு சிப்காட் கான்ட்ராக்ட் வேலைக்கு வர்றாங்க. அப்பா மரத்தை நம்பினார், பையன் சம்பளத் தேதியை நம்பறான். புயலுக்கு அப்புறம் அந்த வீட்ல நல்லா வாழறதுன்னா என்னங்கற எண்ணமே மாறிப்போச்சு.

02-06-2025, இரவு
இன்னிக்கு ஸ்கூல் திறந்தாச்சு. போன வாரமெல்லாம் கவுண்டர்ல நிக்க இடம் இல்ல. ஒண்ணு மட்டும் எழுதிடறேன்.

ஒரு அம்மா, மடியில முடிஞ்சு வச்சு எடுத்துட்டு வரல, காதுலயே போட்டுட்டு வந்திருந்தாங்க. கெம்புக்கல் தோடு. திருகு இறுகிக்கிச்சு, வர மாட்டேங்குது, கூட வந்த பொண்ணு பின்னாடி நின்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு திருகி எடுத்துச்சு. தராசுல போட்டேன், 4.2 கிராம். கல்லுக்கும் அரக்குக்கும் கழிச்சா மூணரை ஒட்டித்தான் நிக்குது. "கல்லுக்கு காசு கிடையாதா சார்"னாங்க. கிடையாதும்மா, தங்கத்துக்கு மட்டும்தான்னேன். வீட்டுக்காரர் விசைப்படகுல டிரைவர். பொண்ணு தனியார் ஸ்கூல், முதல் டேர்ம் பீஸ் கட்டினாதான் புத்தகம் தருவாங்களாம்.

ஸ்கூல் ஜூன் 2. படகு கிளம்பறது ஜூன் 15. நடுவுல இருக்கற அந்த ரெண்டு வாரத்துக்குத்தான் அந்தத் தோடு வந்துச்சு. அவங்க வீட்டு வருஷ வருமானத்தைக் கூட்டிப் பாத்தா எங்க ஆபீஸ் கிளார்க்குக்கு குறைஞ்சிருக்காது. "நல்லாத்தான் சார் இருக்கோம், இந்த ஜூன் மாசம் ஒண்ணுதான்"னு அவங்களே சொன்னாங்க, நான் ஒண்ணும் கேக்காமலே. கொஞ்சம் காசு முதல்ல வாங்கிக்கிட்டு மிச்ச பீஸை ரெண்டு வாரம் தள்ளி வாங்கிக்க எந்த ஸ்கூலுக்கும் மனசு வரலைங்கறதுதான் எனக்கு கோவம். தடைக்காலம் எப்போ முடியும்னு இந்த ஊர்ல யாருக்கு தெரியாது?

03-06-2025
பவுன் விலை ஏறினது நல்லதான்னு கேட்டிருக்கீங்க. 2020 ஆகஸ்டுல 43,000 ஒட்டி இருந்துச்சு, அப்பவே வாயைப் பொளந்தோம். இந்த 2025 ஜூன்ல 70,000-த்தைத் தாண்டி நிக்குது. வச்சிருக்கறவனுக்கு அதே செயினுக்கு அதிகக் கடன் கிடைக்குது, அதனால தெம்பு கூடியிருக்கு. பொண்ணுக்கு இனிமேதான் வாங்கணும்னு இருக்கறவனுக்கு இடி. ஒரே தெருவுல அடுத்தடுத்த வீடு.

09-06-2025
ரிசர்வ் பேங்க் வெள்ளிக்கிழமை புது விதி போட்டிருக்கு. இதுவரைக்கும் நகை மதிப்புல 75 சதம்தான் கடன். இனிமே ரெண்டரை லட்சம் வரைக்கும் 85 சதம், அஞ்சு லட்சம் வரைக்கும் 80, அதுக்கு மேல பழைய 75. பேங்குங்க 2026 ஏப்ரல் 1-க்குள்ள இதுக்கு மாறணும். கவனிக்க வேண்டியது, கடைசியில மொத்தமா கட்டற கடனுக்கு அந்த 85-க்குள்ள வட்டியும் அடக்கம். அதனால கையில 85 வரும்னு நினைச்சு திட்டம் போடாதீங்க.

அதிகம் கிடைக்குதேன்னு அதிகம் வாங்காதீங்க. சின்னக் கடன் வச்சவங்க நகை திரும்பிப் போகுது. முழுசா வாங்கினவங்கள்ல பாதிப் பேர் வருஷா வருஷம் வட்டி மட்டும் கட்டி மாத்தி மாத்தி வைக்கிறாங்க, நகையைப் போட்டுப் பாத்தே பல வருஷம் ஆயிருக்கும்.

14-06-2025
75,000 டாலர் ஆராய்ச்சியைப் பத்தி ஒருத்தர் போட்டிருந்தார், அதுக்கு மேல சம்பாதிச்சா சந்தோஷம் கூடாதுன்னு. முழுக் கதையை சொல்லிடறேன். 2010-ல டேனியல் கானமனும் ஆங்கஸ் டீட்டனும் அமெரிக்காவுல எடுத்த கணக்கு அது. அன்றாட மனநிலை அந்த வருமானத்துக்கு மேல ஏறலன்னாங்க, ஆனா "என் வாழ்க்கை எப்படி"ன்னு அவங்களே போட்டுக்கிட்ட மார்க் மட்டும் பணம் கூடக்கூட ஏறிச்சு. ரெண்டாவது பாதியை யாரும் சொல்றதில்ல. 2021-ல மாத்யூ கில்லிங்ஸ்வொர்த்னு ஒருத்தர் இல்ல, மனநிலையும் ஏறிக்கிட்டேதான் போகுதுன்னார். 2023-ல கானமனும் அவரும் சேர்ந்து உக்காந்து பாத்து, ரொம்ப வாடிக் கிடக்கற அஞ்சுல ஒரு பங்கு ஆளுங்களுக்கு மட்டும்தான் ஒரு அளவுக்கு மேல பணத்தால பிரயோஜனம் இல்ல, மத்தவங்களுக்கு கூடுதுன்னு முடிச்சாங்க.

அன்னிக்கு இருந்த டாலர் ரேட்டுக்கு 75,000 டாலர்னா வருஷம் 34 லட்சம் போல. நம்ம பேச்சுக்கு அது எட்டாத உயரம். அதைவிட, அங்க "வருஷ வருமானம் என்ன"ன்னு கேட்டு எழுதிக்கலாம். இங்க மீனவர் ஊரான சோனங்குப்பத்துல போய் ஒருத்தர்கிட்ட கேளுங்க, "எந்த வருஷம்?"னு திருப்பிக் கேப்பார்.

19-06-2025
எங்க வீட்டைப் பத்தி கேட்டதால சொல்றேன். எனக்கு மாசச் சம்பளம் கிடையாது. கடனுக்கு இவ்வளவுன்னு கமிஷன். மே ஜூன்ல நல்லா வரும், தை மாசி பொங்கலுக்கு அப்புறம் ஜனங்க நகையை மீட்கற காலம், எனக்கு காத்து வாங்கும். வீட்டுக்காரம்மா சத்துணவு அமைப்பாளர், என் கமிஷன்ல பாதிகூட இல்ல அவங்க சம்பளம். ஆனா எங்க வீட்ல பால் கார்டு, கேஸ், சீட்டு, அம்மாவோட சுகர் மாத்திரை எல்லாம் அவங்க சம்பளத்துலதான் ஓடுது. மாத்திரைக்கு என் காசை நம்ப முடியாதுன்னு கல்யாணம் ஆன புதுசுலயே அவங்க தீர்மானிச்சுட்டாங்க, சரியான தீர்மானம். என் காசு வீடு பூச, பிரிட்ஜ் வாங்க, கல்யாணத்துக்கு மொய் எழுத. சொந்தக்காரங்க வீட்டுக்கு வந்தா பாக்கறதெல்லாம் என் காசுல வந்தது. நாங்க தைரியமா இருக்கறது அவங்க காசுல.

அதனாலதான் தம்பிகிட்ட முதல் நாளே தேதியைக் கேட்டேன்.

19-06-2025, இரவு
வயசானதுக்கு அப்புறம் இது இன்னும் வெளிச்சமா தெரியும். எங்க தெருவுல 2003-க்கு முன்னாடி வேலைக்குச் சேர்ந்து ரிட்டையர் ஆன வாத்தியார் ஒருத்தர், பழைய பென்ஷன். நாலு வீடு தள்ளி, கெமிக்கல் கம்பெனியில காலம் பூரா ஷிப்ட் பாத்தவர், அவருக்கு பி.எப். பென்ஷன். அதுல குறைந்தபட்சம் 1,000 ரூபான்னு 2014-ல வச்சாங்க, இன்னிக்கு வரைக்கும் அதே 1,000. வேலையில இருந்தப்போ ரெண்டு பேர் வீட்லயும் ஒரே மாதிரி மிக்ஸி, ஒரே மாதிரி டிவி. ஓவர்டைம் பாத்த மாசத்துல கம்பெனிக்காரர் கையில கூடவே புழங்கும், தீபாவளிக்கு அவர் வீட்டுப் பட்டாசு சத்தம்தான் தெருவுல பெருசா கேக்கும். இப்போ வாத்தியார் பேரனுக்கு சைக்கிள் வாங்கித் தர்றார். கம்பெனிக்காரர் மகன் வீட்ல எந்த அறையில படுக்கறதுன்னு கேட்டுக்கிட்டு இருக்கார். ரெண்டு பேரும் ஒரே அளவுதான் உழைச்சாங்க.

29-06-2025
வசதிக்கு அரசாங்கம் என்ன கணக்கு வச்சிருக்குன்னு தேடிப் பாத்தேன், ஒரு கணக்கு இல்ல. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு வருஷ வருமானம் 1,20,000-க்குள்ள. மகளிர் உரிமைத் தொகைக்கு ரெண்டரை லட்சத்துக்குள்ள, கரண்டு வருஷத்துக்கு 3,600 யூனிட்டுக்குள்ள. ஓபிசி இட ஒதுக்கீட்டுல வசதியானவங்கன்னு விலக்கி வைக்கிற கிரீமி லேயர் வரம்பு 8 லட்சம். 2025 பட்ஜெட்ல புது வரி முறையில 12 லட்சம் வரைக்கும் வருமான வரி இல்லன்னுட்டாங்க. அதாவது மாசம் இருபத்தோராயிரத்துக்கு மேல வந்தா ஆயிரம் ரூபா உதவி தேவைப்படாத வீடு, மாசம் லட்சம் வந்தா வரி கட்ட முடியாத வீடு. 40,000-க்காரர் இது ரெண்டுக்கும் நடுவுல, உதவியும் இல்ல வரியும் இல்ல. இதுல கரண்டு யூனிட்டை வச்சது எனக்கு கொஞ்சம் புரியுது, வருமானத்தை யாரும் நிஜமா சொல்ல மாட்டாங்க, மீட்டர் சொல்லிடும். ஆனா படுக்கையில கிடக்கற மாமியாருக்காக ராத்திரி பூரா ஏசி ஓடற வீட்டையும் அது வசதின்னுதான் சொல்லும்.

06-07-2025
கேள்வி கேட்ட தம்பி திரும்ப வந்து விவரம் சொன்னதுக்கு நன்றி. புதுப்பாளையத்துல அப்பாவோட பழைய வீடு இருக்கு, மாடி போட்டா தங்கலாம், வேலை பர்மனென்ட், சம்பளம் 5-ஆம் தேதி. அப்போ வாங்க. என் அபிப்பிராயம் அதுதான், தயங்காம சொல்றேன். வாடகை இல்லாத 40,000 உங்க சென்னை 62,000-க்கு குறைச்சல் இல்ல.

பாண்டி யோசனையை விட்டுடுங்க. பிடிச்ச ஊர்தான், நானும் ஞாயித்துக்கிழமை கூபேர் மார்க்கெட்டுக்கு போறவன்தான், ஜிப்மர் இல்லைன்னா எங்கம்மா இன்னிக்கு இல்ல. ஆனா குடி மாறினா ரேஷன் கார்டு மாறும், இருப்பிடச் சான்று மாறும், நாளைக்கு காலேஜ் சீட்டுக்கு அங்க வருஷக்கணக்குல குடியிருந்திருக்கணும். பொண்ணு ஆறாவது போறா. இங்க அரசுப் பள்ளியில ஆறுலேர்ந்து பன்னெண்டு படிச்சா மருத்துவத்துக்கும் இன்ஜினியரிங்குக்கும் 7.5 சதம் உள் ஒதுக்கீடு, காலேஜ் போனா புதுமைப் பெண் திட்டத்துல மாசம் ஆயிரம். பையனுக்கு தமிழ்ப் புதல்வன். இந்த ஆறாம் வகுப்புதான் அதுக்கு வாசல், அடுத்த வருஷம் யோசிச்சா பொண்ணுக்கு கதவு மூடிடும்.

"அரசுப் பள்ளியில போட்டா சொந்தக்காரங்க என்ன நினைப்பாங்க"ன்னு உங்க மனைவி கேக்கறதா எழுதியிருக்கீங்க. கேக்கத்தான் செய்வாங்க, அதை சும்மான்னு தள்ள மாட்டேன். 62,000 வந்தப்போ இருந்த பேரை 40,000-லயும் காப்பாத்தணும்னுதான் எல்லாரும் நினைக்கிறாங்க, அங்கதான் கடன் ஆரம்பிக்குது. என் கவுண்டருக்கு சாப்பாட்டுக்காக வர்றவங்க குறைச்சல், பேருக்காக வர்றவங்க நிறைய. காதுகுத்துக்கு மண்டபம், மஞ்சள் நீருக்கு ட்ரோன் கேமரா. மனைவியையும் பொண்ணையும் கூட்டிட்டுப் போய் அந்தப் பள்ளிக்கூடத்தை ஒரு தடவை நேர்ல பாருங்க, பாத்துட்டு அவங்க ரெண்டு பேரும் முடிவு பண்ணட்டும்.

07-07-2025
கார் டியூ பாக்கி இருக்கறதை இப்போதான் பாத்தேன். வித்துட்டு வாங்க. புதுப்பாளையத்துலேர்ந்து பஸ் ஸ்டாண்டு நடக்கற தூரம், வீட்ல அம்மாவுக்கும் பொண்ணுக்கும் டவுன் பஸ் இலவசம்.

16-07-2025
மாடி கட்ட தங்கச்சி நகையை வச்சுக் கடன் வாங்கலாமான்னு கேட்டிருக்கீங்க. வேண்டாம். அவ நகை அவ வீட்டுக்கு வேணும். உங்க மனைவி நகையில ஒரு பகுதியை வைங்க, வீட்டுக் கடனா கிடைக்குமான்னும் கேளுங்க, சம்பள ஸ்லிப் இருக்கறதால கிடைக்கும். 5-ஆம் தேதி சம்பளம்னா டியூ தேதியை 7-னு கேட்டு வாங்குங்க, முதல்லயே கேட்டா மாத்தித் தர்ற இடம் உண்டு.

இன்னொண்ணு. 2024 டிசம்பர்ல பெஞ்சல் புயலுக்கு அப்புறம் சாத்தனூர் அணையைத் திறந்து பெண்ணையாறு பொங்கினப்போ டவுன்ல எங்கெங்க தண்ணி நின்னுச்சுன்னு உங்க அப்பாவுக்கு தெரியும். மாடி போடற கொத்தனாரைக் கூப்பிடறதுக்கு முன்னாடி கீழ் வீட்டுத் தரையை எவ்ளோ தூக்கணும்னு அவர்கிட்ட கேளுங்க. ஐப்பசி பொறக்கறதுக்குள்ள சிமெண்டு வேலை முடியணும், அதுக்கு ஆளுங்ககிட்ட இப்பவே சொல்லி வைக்கணும், ஆடியில கிரகப்பிரவேசம் இல்லாததால கொத்தனார் கூலி கொஞ்சம் பேசிக் குறைக்கலாம்.